மழையும் பனியும் பள்ளித் தோட்டமும்

மேல்நாடுகளில் உறைபனி பயிரைக் கருக்குவதால், குளிர்காலத்தில் தோட்ட வேலை பெரும்பாலும் ஓய்ந்து விடுகிறது. நம் புதுவையிலோ மழை விட்ட பின் வரும் பனிக்காலமே காய்கறிக்கு உகந்த காலம். எனினும் நம் குழந்தைகள் பயிலும் பள்ளிகள் சிலவற்றில் அந்நாட்களில்தான் தோட்டம் பாழ்பட்டுக் கிடக்கக் காண்கிறோம். கார்த்திகையில் நீர் மிகுதி. மார்கழி, தையில் நீரூற்றுவார் இன்மை. காரணம் இவ்விரண்டே.

நம் ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அத்தகைய வெள்ளத்தை எந்தப் பாத்தியும் தாங்காது என்பது மெய்யே. ஆனால் சாதாரண அடைமழைக்கே நாற்று அழுகுமாயின், பாத்தி தட்டையாக இருக்கிறது என்று பொருள். பாத்தியை முக்கால் அடி உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த புறத்தில் வடிய விடல் வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைத் தாழ்வாரத்துத் தொட்டிகளில் நெருக்கமின்றித் தூவி, மழை ஓய்ந்தபின் பிடுங்கி நடுவது நலம். முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியும்; முன்னதாகவே கழித்து விடுக. 2011இல் தானே புயல் டிசம்பர் 30ஆம் நாள் வந்தது. ஆதலின் மார்கழி பிறந்துவிட்டதென்று பந்தல் கட்டுகளை அலட்சியம் செய்யலாகாது.

ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, பகற்பொழுது குறுகும் இந்நாட்களில்தான் பூக்கிறது. உடன் அசுவினியும் வந்து சேரும். காலைப் பனியீரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழக்கம். பூச்சி மிகுந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். நீரைக் காலையிலேயே ஊற்றுக. இரவெல்லாம் இலை நனைந்திருப்பின் பூசண நோய் பரவும்.

இவையெல்லாம் ஆசிரியர்கள் அறிந்தவையே. தோட்டம் கெடுவது விடுமுறையில்தான். மழை விட்டதும் விதைத்த சிறுகீரை ஏறத்தாழ 25 நாளிலும், முள்ளங்கி 45 நாளிலும் பறிப்புக்கு வரும். அதற்குள் அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் குறுக்கிடுகின்றன. மணற்பாங்கான மண்ணில் இளங்கீரை நான்கு நாள் நீரின்றித் தாங்காது. தாம் விதைத்தது சருகாய்க் கிடப்பதைக் கண்ட சிறுவர், மறு ஆண்டு மண்வெட்டியைத் தொட விரும்புவரோ? பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019இல் நெறிமுறைகளை வெளியிட்டது. ஆயினும் குடம் தூக்கும் கைகளை எந்த அரசாணையும் அனுப்பித் தராது.

இவ்விடத்தில் சங்க அங்கத்தினர்கள் உதவலாம். அடைமழை நாளில் தெருவில் பாவு விரிக்க இயலாது. மழை சற்று விடும் வேளையில் நெசவாள அன்பர்கள் வாய்க்கால் திருத்தித் தரலாம். உழவர்கள் நன்கு மட்கிய எரு ஒரு வண்டி அளிக்கலாம். பச்சைச் சாணம் வேண்டாம், அது கறையானை அழைக்கும். விடுமுறை தொடங்குமுன் தலைமை ஆசிரியரிடம் அனுமதியும் வாயிற்கதவின் திறவுகோலும் பெற்று, நாளுக்கு இருவராக முறை வகுத்து, பெயர்களைச் சங்கக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம்.