போத்தனூரில் திறந்த பெட்டி

1921 நவம்பர் 19 இரவு திரூரில் கிளம்பிய ரயில், நள்ளிரவு தாண்டி போத்தனூர் வந்து நின்றது. அதில் கோத்திருந்த சரக்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே 56 பேர் செத்துக் கிடந்தார்கள்.

மலபாரில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் பிடிபட்டு பெல்லாரி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்கள். சுமார் நூறு பேரை, ஜன்னல் இல்லாத பெட்டியில் அடைத்து வெளியே தாழ் போட்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டுக் கத்தியும் வழியில் எங்கும் கதவு திறக்கவில்லை. ஆணி கழன்ற ஓட்டையில் மூக்கை வைத்து உயிர் பிடித்திருந்ததாகத் தப்பியவர் ஒருவர் பின்னாளில் சொன்னார். குற்றுயிராய்க் கிடந்தவர்களில் சிலர் கோயம்புத்தூரில் இறக்க, பலி 70 ஆனது.

நேப் என்ற அதிகாரி தலைமையில் விசாரணைக் குழு வந்தது. வழக்கு, காவலுக்கு வந்த சார்ஜென்ட் ஆண்ட்ரூஸ் மீதும் அவருடன் வந்த போலீஸ்காரர்கள் மீதும் பாய்ந்தது. அவர்களும் விடுதலையானார்கள். மூடிய பெட்டிகளில் கைதிகளை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்த மேலதிகாரிகள் கூண்டில் ஏறவே இல்லை.

கால் நூற்றாண்டில் சட்டத்தின் பார்வை மாறியது. மணிலாவில் தன் படைகள் செய்த கொடுமைகளைத் தடுக்கவில்லை என்று ஜப்பானியத் தளபதி யமஷிட்டாவை 1946 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். அதுவும் வென்றவர்கள் நடத்திய அவசர விசாரணைதான். ஆனாலும் அதில் பிறந்த கேள்வி நிலைத்துவிட்டது: மேலே இருந்தவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தும் என்ன செய்தார்? சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998 ரோம் சாசனத்தின் 28-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். அதற்கு முந்தைய பிரிவு, ஜனாதிபதி, அமைச்சர் என்ற பதவி யாரையும் காப்பாற்றாது என்கிறது.

வேறொரு நாட்டின் நீதிமன்றம் என்றால் கதை வேறு. சிலியின் முன்னாள் அதிபர் பினோசே, சித்திரவதை வழக்கில் 1999-ல் லண்டனில் சட்ட விலக்கை இழந்தார். பதவியில் இருக்கும் வெளியுறவு அமைச்சரைப் பிடிக்க பெல்ஜியம் பிறப்பித்த வாரண்டையோ 2002-ல் சர்வதேச நீதிமன்றம் ரத்து செய்யச் சொன்னது. நாற்காலியில் இருக்கும்வரை தொட முடியாது என்பதுதான் அங்கே நடைமுறை.

ரோம் சாசனத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. இங்கே அரசு ஊழியர் பணியின்போது செய்ததற்கு வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கோப்புகள் எத்தனை வருடம் தூங்கும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு 120 நாள் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் அரசு வாய் திறக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு.