அவணில் சுட்ட மீன்: கவனம் சந்தையிலேயே தொடங்கட்டும்

நத்தார் கேக்குக்காக வாங்கிய சிறிய மின்சார அவண் கொலன்னாவையில் பல வீடுகளில் ஆண்டு முழுவதும் மூடியே கிடக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கான மீனை அதிலேயே சுட்டெடுக்கலாம். ஆனால் மீன் என்றதும் நமது கை தாச்சியைத்தான் தேடுகிறது.

போத்தலில் சேரும் எண்ணெய்

மீன் பொரித்த எண்ணெயை வடித்துப் போத்தலில் ஊற்றிவைத்து, மறுநாள் அப்பளமும் மோர்மிளகாயும் பொரிக்கிறோம். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெய் சிதைந்து கறுக்கும். இரத்தக் குழாய்களுக்குக் கேடான பொருட்கள் அதில் சேரும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு எப்படியும் 80 வீதத்துக்கு மேல். இலங்கையில் அதிகம் பேரின் உயிரைப் பறிப்பது இதய நோய். வாரத்தில் இரண்டு நாள் மீன் சாப்பிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதயத்தைக் காக்கும் ஒமேகா-3 கொழுப்புக்காக. அந்த மீனை எண்ணெயில் முக்கியெடுத்தால் பயன் குறைந்துபோகும்.

சூட்டுக்கு அடங்காத நஞ்சு

எந்தச் சமையலாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உருவாக்கும். சுட்டாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பில் தடிப்பு எழும், நெஞ்சு படபடக்கும். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெரும்பாலும் குற்றம் மீனைப் பேணிய விதத்தில்தான்.

புறக்கோட்டையில் இருந்த மொத்த மீன் சந்தை 2011இல் பேலியகொடைக்கு மாறியது. நமக்கு அது அருகில்தான். அங்கே போனாலும், தெருவுக்கு வரும் வியாபாரியிடம் வாங்கினாலும் பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் சதை குழி விழாமல் மீள வேண்டும். வாங்கியதும் நேரே வீட்டுக்கு வாருங்கள். மரக்கறி வாங்கும் வேலையை முன்பே முடித்துவிடுங்கள்.

வாழையிலையில் இருபது நிமிடம்

பாரை மீன் துண்டுகள் அரைக் கிலோவுக்கு உள்ளி, மிளகு, மஞ்சள், சிறிது உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைப் பிரட்டுங்கள். அரை மணி நேரம் ஊற வேண்டும், அதுவும் ஃபிரிட்ஜுக்குள். அவணை 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்குங்கள். கருவேப்பிலையும் சேர்த்து, வாட்டிய வாழையிலையில் மீனைப் பொதிந்து சுமார் இருபது நிமிடம் வையுங்கள். அலுமினியத் தாள் வேண்டாம். புளிப்புப் பட்டால் அலுமினியம் உணவில் கசியும். முள்ளுக்கரண்டியால் தொட்டதும் சதை வெண்மையாக இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. தேசிக்காயை அதன் பிறகு பிழியுங்கள். அந்தப் புளிப்பால் உப்பைக் குறைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளுக்கு அனுமதிக்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு. சோற்றோடு வல்லாரைச் சம்பல் போதும், கருவாட்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும்

சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் அவற்றைத் தவிர்த்து, சாளை போன்ற சிறு மீன்களைச் சாப்பிடலாம். யாருக்காவது மீன் சாப்பிட்டபின் மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.