மூன்று மில்லிமீட்டர் தங்கம்

1972 ஆகஸ்ட் 30. மியூனிக் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சலின் இறுதிப் போட்டி. ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் ஒருசேர வந்து சுவரைத் தொட்டார்கள். இருவருக்கும் ஒரே நேரம்: 4 நிமிடம் 31.98 விநாடி.

ஆளுக்கொரு தங்கம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் மின்னணுக் கடிகாரம் விநாடியை ஆயிரமாகப் பிரித்தும் பதிவு செய்திருந்தது. நடுவர்கள் மூன்றாவது தசம இலக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். லார்சன் 4:31.981, மெக்கீ 4:31.983. வித்தியாசம் 0.002 விநாடி. தங்கம் ஸ்வீடனுக்கு, வெள்ளி அமெரிக்காவுக்கு.

ஒலிம்பிக் நீச்சலில் இதைவிடச் சிறிய இடைவெளியில் ஒரு தங்கம் முடிவானதில்லை. இப்போதைய விதி இருக்கும்வரை இனி முடிவாகவும் முடியாது. ஏன் என்பதில் அளவியலின் அடிப்படைப் பாடம் ஒன்று இருக்கிறது.

எட்டு நீளம், நான்கு பாணி

மெட்லி என்பது ஒரே ஆள் நான்கு பாணிகளிலும் நீந்தும் போட்டி. 50 மீட்டர் குளத்தில் முதல் இரண்டு நீளம் பட்டர்ஃபிளை, அடுத்த இரண்டு மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக், பிறகு பிரெஸ்ட்ஸ்ட்ரோக், கடைசியாக ஃப்ரீஸ்டைல். மொத்தம் எட்டு நீளம், ஏழு திருப்பங்கள்.

நான்கிலும் ஒரே அளவு வல்லவர் என்று யாரும் இல்லை. அதனால் இந்தப் போட்டியில் முன்னிலை அடிக்கடி கைமாறும். குறிப்பாக, நான்கில் மெதுவான பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில்தான் பெரிய இடைவெளிகள் உருவாகும், பெரிய இடைவெளிகள் அழியவும் செய்யும். மியூனிக்கிலும் அதுதான் நடந்தது. உலகச் சாதனையைக் கையில் வைத்திருந்த அமெரிக்காவின் கேரி ஹால் தொடக்கத்தில் முந்திச் சென்றார்; பின்பாதியில் சோர்ந்து ஐந்தாவதாக வந்தார். கடைசி ஃப்ரீஸ்டைல் நீளங்களில் லார்சனும் மெக்கீயும் மட்டுமே தங்கத்துக்காக மோதினார்கள். நாலரை நிமிட உழைப்பு கடைசியில் இரண்டு மில்லி விநாடிக்குள் வந்து நின்றது.

கொஞ்சம் கணக்கு

400 மீட்டரை 271.98 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1.47 மீட்டர். அந்த வேகத்தில் 0.002 விநாடியில் ஒருவர் கடக்கும் தூரம் சுமார் 3 மில்லிமீட்டர். அதாவது 400 மீட்டர் நீந்திய இருவரில் ஒருவர் மற்றவரைவிட 3 மில்லிமீட்டர் முன்னே இருந்தார் என்பதே தீர்ப்பு.

இப்போது குளத்தைப் பார்ப்போம். இருவரும் நீந்தியது வெவ்வேறு தடங்களில். எட்டு நீளத்தில் 3 மில்லிமீட்டர் என்றால் ஒரு நீளத்துக்கு 0.4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு தடம் பக்கத்துத் தடத்தைவிட அவ்வளவு நீளமாக இருந்தாலே போதும், முடிவு தலைகீழாகிவிடும். குளியலறைச் சுவரில் இரண்டு டைல்ஸ்களுக்கு நடுவே பூசும் சாந்தின் மேடுபள்ளம்கூட அதைவிட அதிகம் இருக்கும்.

குளம் கட்டுவதற்கான சர்வதேச விதி நீண்ட காலம் எவ்வளவு பிசகை அனுமதித்தது தெரியுமா? 50 மீட்டருக்குக் குறையக் கூடாது. 3 சென்டிமீட்டர் வரை கூடலாம். 30 மில்லிமீட்டர்! எட்டு நீளத்துக்குக் கணக்கிட்டால் 24 சென்டிமீட்டர். லார்சனின் வேகத்தில் அது சுமார் 0.16 விநாடி. பெரிய போட்டிகளுக்கான குளங்கள் இதைவிட நுட்பமாகவே கட்டப்படுகின்றன. இருந்தாலும், ஈரமும் வெப்பமும் படும் கான்கிரீட் சுவரை மில்லிமீட்டரில் ஒரு பங்குக்கு நேராக நிறுத்துவது இயலாத காரியம். 50 மீட்டர் கான்கிரீட்டின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே அது அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது.

தொடக்கத்திலும் இதே சிக்கல். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பரவும். இரண்டு மில்லி விநாடியில் 70 சென்டிமீட்டர்கூடப் போகாது. ஒலிம்பிக் குளத்தில் ஒரு தடத்தின் அகலமோ 2.5 மீட்டர். ஒரே இடத்திலிருந்து சமிக்ஞை எழுந்தால், ஒரு தடம் தள்ளி நிற்பவரின் காதுக்கு அது ஏழு மில்லி விநாடி தாமதமாகச் சேரலாம். அதனால்தான் இன்று ஒவ்வொருவரின் குதிமேடையிலும் தனித்தனி ஒலிபெருக்கி இருக்கிறது.

ஆக, 1972இல் கடிகாரம் சொன்னது பொய்யல்ல. மெக்கீயின் விரல்கள் இரண்டு மில்லி விநாடி தாமதமாகத்தான் சுவரைத் தொட்டிருக்கும். ஆனால் அவர் மெதுவாக நீந்தியதால் தாமதமா, அவருடைய தடம் ஒரு மயிரிழை நீளமாக இருந்ததால் தாமதமா என்று அந்தக் கடிகாரத்தால் சொல்ல முடியாது.

கண்ணை நம்பிய காலம்

கடிகாரத்தின் மீது அவ்வளவு நம்பிக்கை வந்ததற்கும் காரணம் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஒன்றாக முடித்தார்கள். நிறுத்துக் கடிகாரம் பிடித்தவர்கள் லார்சனுக்கு 55.0, 55.1, 55.1 என்றும் டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2 என்றும் குறித்திருந்தார்கள். கண்ணால் பார்த்து இடம் சொல்லும் நடுவர்களோ இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கடைசியில் தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கம் கொடுத்தார்; லார்சனின் நேரமும் 55.2 என்று மாற்றி எழுதப்பட்டது.

இந்த அவலத்துக்குப் பிறகு, சுவரில் பொருத்தும் டச் பேட் வேகமாக வளர்ந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது பயன்பாட்டுக்கு வந்தது. நீந்துபவரின் கையே கடிகாரத்தை நிறுத்தும். நடுவரின் கண்ணுக்கு வேலை இல்லை. ஆனால் இந்தப் பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. அலை மோதினால் அது இயங்கக் கூடாது. ஆகவே லேசாகத் தீண்டினால் போதாது, ஓரளவு அழுத்த வேண்டும். 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் செர்பியாவின் மிலோராட் சாவிச் கை நீட்டி மிதந்தபடி வர, மைக்கேல் ஃபெல்ப்ஸ் இன்னோர் அரை வீச்சு வீசிப் பலகையை அறைந்தார். ஃபெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59.

தரையில் ஓடுவோருக்கு வேறு நியாயம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸ் 9.784 விநாடியிலும் கிஷேன் தாம்சன் 9.789 விநாடியிலும் முடித்தார்கள். அங்கே ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடிக்குத் தங்கம் கைமாறலாம் என்றால், நீச்சலில் ஏன் கூடாது?

வேகமும் தளமும் வேறு என்பதுதான் பதில். இறுதிக்கோட்டில் விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 0.005 விநாடியில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கடக்கிறார். படத்தில் அந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே கோடு, ஒரே நேர்த்தடம். பனிச்சறுக்கு வண்டியான லூஜிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். அங்கே எல்லோரும் ஒரே பாதையில், ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறார்கள். நீச்சலில் ஆளுக்கொரு தடம், ஆளுக்கொரு சுவர்.

சமம் என்று சொல்லும் துணிவு

மியூனிக்குக்குப் பிறகு சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு விதியைத் திருத்தியது. நூறில் ஒரு பங்கு விநாடிதான் கடைசி எல்லை. அதில் சமமாக இருந்தால் இருவருக்கும் ஒரே இடம். மெக்கீயின் வெள்ளி மட்டும் வெள்ளியாகவே இருந்துவிட்டது. அவர் 1976 மாண்ட்ரியாலிலும் இதே போட்டியில் வெள்ளியே வென்றார்.

புதிய விதியின் பலன் 1984 லாஸ் ஏஞ்சலஸில் தெரிந்தது. பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நான்சி ஹாக்ஸ்ஹெட், கேரி ஸ்டைன்சைஃபர் இருவரும் 55.92 விநாடியில் முடித்துத் தங்கத்தைப் பகிர்ந்தார்கள். 2000 சிட்னியில் ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆந்தனி எர்வினும் கேரி ஹால் ஜூனியரும் 21.98 விநாடியில் தங்கத்தைப் பகிர்ந்தார்கள். இந்த ஜூனியர் வேறு யாருமல்ல, மியூனிக்கில் ஐந்தாவதாக வந்த அதே கேரி ஹாலின் மகன். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸ், சாட் லெ குளோஸ், லாஸ்லோ செக் மூவரும் 51.14 விநாடியில் முடித்தபோது மூன்று வெள்ளி கொடுத்தார்கள், வெண்கலமே இல்லை. 2025 சிங்கப்பூர் உலகச் சாம்பியன்ஷிப்பில், அதே 400 மீட்டர் மெட்லியில் பிரான்ஸின் லியோன் மார்ஷான் தங்கம் வெல்ல, ஜப்பானின் டோமோயுகி மட்சுஷிதாவும் நடுநிலை வீரராகப் பங்கேற்ற இல்யா போரோடினும் 4:09.16 நேரத்தில் வெள்ளியைப் பகிர்ந்தார்கள்.

கறாராகப் பார்த்தால் நூறில் ஒரு பங்கும் முழு நியாயமல்ல. அந்த நேரத்தில் மெட்லி வீரர் கடக்கும் ஒன்றரை சென்டிமீட்டரும் குளத்துக்கு அந்த விதி அனுமதித்த பிசகுக்குள் அடங்கிவிடும். எங்கேயோ ஒரு கோடு போட்டாக வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு அது. ஆயினும் 1972இன் கோட்டைவிட இது பல மடங்கு நேர்மையானது.

கருவி காட்டும் இலக்கங்கள் எல்லாம் உண்மையான அளவு ஆகிவிடாது. அடுத்த முறை பிள்ளையை நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போய் கைபேசியில் நேரம் பிடிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். திரையில் 38.47 என்று வரும். கண்ணால் பார்த்து விரலால் அழுத்த நமக்கே சுமார் 0.2 விநாடி பிடிக்கும். அதுவும் முறைக்கு முறை மாறும். கடைசி இலக்கத்தை விட்டுவிடுங்கள். நேற்றைவிட நூறில் மூன்று பங்கு தாமதம் என்று பிள்ளையைத் திட்டவும் வேண்டாம்.