மண்வெட்டி பிடித்தவருக்கு எங்கே இடம்?

நீலகிரிச் சரிவிலே பெருமழை. ஓடையெல்லாம் செந்நிறம்! ஓடுவது வெறும் தண்ணீரா தோழர்களே? உருளைக்கிழங்கு விளைந்த மேல்மண்! ஓர் அங்குலம் மண் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும். பறிபோகச் சில மழைக்காலங்களே போதும்.

இதைத் தடுக்கத்தான் 1954-இல் உதகமண்டலத்தில் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி, செயல்விளக்க, பயிற்சி நிலையம் அமைந்தது. சரிவைப் படிப்படியாக வெட்டுவது, படியை மலைப்பக்கமாகச் சாய்ப்பது, சரிவுக்குக் குறுக்கே உழுவது, வடிகாலில் புல் வளர்ப்பது, இவையெல்லாம் அங்கே வளர்த்த வித்தைகள். நல்ல பணி, மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், பயிற்சிக்கு வந்தவர் யார்? மாநிலந்தோறும் இருந்து அதிகாரிகள் வந்தனர், கற்றனர், சான்றிதழோடு சென்றனர். நிலமுடைய விவசாயிக்கும் இன்று வகுப்பு உண்டு. மகிழ்ச்சி! படியை வெட்டுகிற கூலித் தோழனுக்கு? கல் சுமக்கும் தாய்க்கு?

படி வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால் மழைநீர் விளிம்பைத் தாண்டும், கரையை அறுக்கும், கீழ்ப்படியையும் வாரிச் செல்லும். அந்தச் சாய்வைத் தீர்மானிப்பது கோப்பு அல்ல, கூலியாளின் கை!

"வரச் சொன்னால் வருவதில்லையே" என்பர் சிலர். எப்படி வருவார்? ஒருநாள் வகுப்பென்றால் ஒருநாள் கூலி போயிற்று. அன்று மாலை அடுப்பெரிய வேண்டாமா?

நாம் கேட்பது பெரிதல்ல. பயிற்சி நாளுக்கும் கூலி கொடுங்கள். பாடத்தைத் தமிழில், மேட்டு நிலத்திலேயே நடத்துங்கள். மட்டம் பார்க்கும் கருவியை அவர்கள் கையிலும் கொடுங்கள்.