பூஜ்ஜியத்துக்கு அருகே ஒரு வெப்பமானி: வெள்ளீய உணர்கருவிக்கு அதிர்வில்லா இடம் தேடும் விஞ்ஞானிகள்

தேனி: கேரளத்தின் இடுக்கி மாவட்ட எல்லையை ஒட்டிய போடி மேற்கு மலையில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகம் என்றதும், 50 ஆயிரம் டன் எடையுள்ள இரும்பு உணர்கருவியே பலரின் நினைவுக்கு வரும். ஆனால், அதே சுரங்கத்தில் அதைவிடப் பல மடங்கு சிறிய மற்றொரு கருவியையும் வைக்கத் திட்டம் இருந்தது. 'டின்.டின்' எனப்படும் அந்தக் கருவிக்கான ஆரம்பகட்டப் பணிகள் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடைபெற்றன.

வெள்ளீயத்தின் ஐசோடோப்பான வெள்ளீயம்-124, நியூட்ரினோவை வெளியிடாமல் இரட்டை பீட்டா சிதைவு அடைகிறதா என்பதே கேள்வி. அவ்வாறு நிகழ்ந்தால், நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்பது உறுதியாகும். அச்சிதைவில் வெளிப்படும் ஆற்றல் 2.29 மெகா எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஒரு மைக்ரோகிராம் எடையுள்ள தூசி 0.04 மில்லிமீட்டர் கீழே விழும்போது வெளிப்படும் ஆற்றலும் ஏறத்தாழ இதே அளவுதான்.

இதை அளக்க, வெள்ளீயக் கட்டியையே வெப்பமானியாக மாற்ற வேண்டும். 3.7 கெல்வினுக்குக் கீழே வெள்ளீயம் மீகடத்தியாகிறது. மேலும் குளிரக் குளிர அதன் வெப்ப ஏற்புத்திறன் மிக வேகமாகக் குறைகிறது. 10 மில்லிகெல்வினில், ஒரு கிலோ வெள்ளீயத்தில் ஒரு சிதைவு நிகழ்ந்தால், கணக்கின்படி வெப்பநிலை சுமார் 0.2 மில்லிகெல்வின் உயரும். அதைப் படிக்கும் ஜெர்மானியம் உணரிகள், மும்பை துருவா அணு உலையில் நியூட்ரான் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தயாரிக்கப்பட்டன. டாடா நிறுவனத்தில் நிறுவப்பட்ட நீர்த்தல் குளிர்விப்பான் 10 மில்லிகெல்வினுக்கும் கீழே செல்லக்கூடியது.

குளிர்விப்பானே எதிரி

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. திரவ ஹீலியத்தைத் தொடர்ந்து ஊற்றத் தேவையில்லாத இவ்வகைக் குளிர்விப்பானில், ஹீலியம் வாயு விநாடிக்கு சுமார் 1.4 முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் மெல்லிய எஃகுக் குழாய்கள் மைக்ரான் அளவில் நீண்டு சுருங்கும். அந்த அசைவு கட்டியும் தாங்கியும் உரசுமாறு செய்து வெப்பத்தை உண்டாக்கும்; தளர்ந்த கம்பிகளை அதிரச் செய்து போலி மின்சைகையையும் தரும். குளிர்விக்கும் இயந்திரமே சூடாக்கினால் என்ன செய்வது?

வால்வு மோட்டாரைக் குளிர்தலையிலிருந்து பிரித்து வைத்தல், பம்புகளைத் தனி அறைக்கு மாற்றுதல், தகடுகளைத் தடித்த தண்டுகளுக்குப் பதிலாக நெகிழும் செம்புப் பின்னல்களால் இணைத்தல், கம்பிகளை இறுக்கிக் கட்டுதல் ஆகியவை வழக்கமான தீர்வுகள். கட்டியைச் சுருள்வில்லில் தொங்கவிடுவதும் உண்டு. ஆனால், சுருள்வில்லின் இயல் அதிர்வெண் 1.4 ஹெர்ட்ஸைவிட வெகு குறைவாக இல்லாவிட்டால் பயன் இல்லை. ஏறத்தாழ சமமாக இருந்தால் அதிர்வு பெருகவே செய்யும். 0.5 ஹெர்ட்ஸ் வேண்டுமெனில், சாதாரண சுருள்வில் எடையைத் தாங்கியவுடன் ஒரு மீட்டர் நீள வேண்டும். அதன் பலனோ ஏழில் ஒரு பங்காக அதிர்வு குறைவது மட்டுமே. குறுகலான குளிர்கலனுக்குள் அதற்கு இடம் காண்பது எளிதல்ல. எனவே, உள்ளே தொங்கவிடுவதைவிட, துடிப்பு உள்ளே வராமல் வெளியிலேயே தடுப்பதுதான் பெரும்பாலும் சிக்கனமான வழி.

நிலமும் முழு அமைதியில் இருப்பதில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் 1,400 மீட்டர் பாறையின் கீழ் இயங்கும் 'குவோரே' கருவியில், மத்தியதரைக் கடல் அலைகளால் எழும் நில அதிர்வின் தாக்கமும் பதிவாகியுள்ளது.

முடங்கிய சுரங்கம்

போடி மலையில் சுமார் 1,300 மீட்டர் பாறை மூடல், காஸ்மிக் கதிர்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என மதிப்பிடப்பட்டது. ஆனால், பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதால் முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகளுக்குப் பாதிப்பு வருமோ என்ற அச்சம் இரு மாநிலங்களிலும் எழுந்தது. கருவிக்கு அதிர்வு ஆகாது என்ற விஞ்ஞானிகளின் கவலையும், அணைக்கு அதிர்வு ஆகாது என்ற மக்களின் கவலையும் ஒரே மலையைச் சுற்றியே அமைந்தன.

2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய அரசு மீண்டும் அனுமதி அளித்தது. எனினும், இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருப்பதால் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது. பெரியாறு புலிகள் காப்பகத்துடன் இணையும் புலிகள் வழித்தடம் இது எனக் கூறி, 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தது.

முன்னதாக, நீலகிரி மாவட்டம் சிங்காராவில் தேர்வு செய்யப்பட்ட இடமும் முதுமலையை ஒட்டிய யானை வழித்தடம் காரணமாக 2009-ல் கைவிடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.