பாடசாலை கிரிக்கெட்: அங்கீகாரம் என்பது கடதாசியில் மட்டுமா?

2024 ஜூன் மாதம் ரி20 உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி தென்னாபிரிக்காவிடம் 77 ஓட்டங்களுக்குச் சுருண்டது நமது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் போட்டி நடந்தது நியூயோர்க்கில். அமெரிக்காவில் கிரிக்கெட்டா என்று அன்று பலர் வியந்தார்கள். உண்மையில் உலகின் முதலாவது சர்வதேச கிரிக்கெட் போட்டியே 1844இல் அதே நியூயோர்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில்தான் நடந்தது. பிற்காலத்தில் பேஸ்போல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எனினும் அந்நகரின் குயின்ஸ், புரூக்ளின் பகுதிகளில் கயானா, ட்ரினிடாட், ஜமைக்கா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பூங்காக்களில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பாடசாலைக்குள் அவர்களுக்கு அணி இருக்கவில்லை. 2008இல்தான் அந்நகரின் அரச பாடசாலைகள் விளையாட்டு லீக் கிரிக்கெட்டை உத்தியோகபூர்வ விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

அதனால் என்ன மாறியது? பூங்காவில் விளையாடும்போது மட்டை, பந்து, காயம் எல்லாம் பிள்ளையின் சொந்தப் பொறுப்பு. உத்தியோகபூர்வ விளையாட்டானதும் பொறுப்பு பாடசாலைக்கு வந்தது. பயிற்றுநருக்குக் கொடுப்பனவு, போட்டி அட்டவணை, நடுவர்கள், உபகரணங்கள் என்பன ஒழுங்காகின. பெற்றோரின் சம்மதமும் வைத்தியச் சான்றிதழும் கட்டாயமாகின. இன்னொரு நிபந்தனையும் உண்டு: வரவு குறைந்தாலோ பாடங்களில் சித்தியடையாவிட்டாலோ அணியில் இடமில்லை. அதாவது விளையாட்டு ஆசை பிள்ளையை வகுப்பறையிலும் பிடித்து வைக்கிறது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? நமது நாட்டில் இந்த அங்கீகாரம் நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. றோயல் - தோமியன் சமர் 1879இலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதுகின்றன. 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பாடசாலைப் போட்டிகள் நடக்கின்றன. தேசிய அணிக்குப் போகும் பாதையே பாடசாலைதான். பர்வீஸ் மஹ்ரூப் வெஸ்லி கல்லூரியிலிருந்தும் ஜெஹான் முபாரக் றோயல் கல்லூரியிலிருந்தும் வந்தார்கள். இரண்டும் கொழும்புப் பாடசாலைகள் என்பதைக் கவனியுங்கள்.

கொழும்புக்கு வெளியே நமது பாடசாலைகள் பலவற்றில் கிரிக்கெட் என்றால் மென்பந்துதான். கடினப்பந்து அணி கிடையாது; ஆடுகளமும் கிடையாது. சில வருடங்களுக்கு முன் எனது சாதாரண தர வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். இடது கை வேகப்பந்து வீச்சாளன். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் வாங்கிய கிண்ணங்கள் அவன் வீட்டு அலுமாரியில் நிறைந்திருந்தன. ஒரு தேர்வு முகாமுக்கு அவனை அழைத்துச் சென்றேன். "எந்தப் பாடசாலைப் போட்டிகளில் விளையாடியிருக்கிறாய்?" என்று கேட்டார்கள். பதிலில்லை. தோல் பந்தை அவன் கையில் பிடித்ததே அன்றுதான். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆற்றல் இல்லாமல் அவன் தோற்கவில்லை. ஆசிரியர்களாகிய நாம் அவனுக்கு ஓர் அணியைக் கொடுத்திருக்கவில்லை.

செலவு, காயம், படிப்புக் கெடும் என்ற மூன்று ஆட்சேபங்களும் வழமையாக வரும். மூன்றும் நியாயமானவைதான். ஆனால் 13 வயதுக்குட்பட்ட ஓர் அணியோடு சிறிதாக ஆரம்பிக்கலாம். அயலிலுள்ள இரண்டு மூன்று பாடசாலைகள் ஒரு மெட்டிங் ஆடுகளத்தையும் ஒரு தொகுதி உபகரணங்களையும் பகிர்ந்துகொள்ளலாம். ஊர்க் கழகங்கள் சுற்றுப்போட்டிப் பரிசுகளுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைத் தலைக்கவசத்துக்கும் காப்பங்கிக்கும் ஒதுக்கினால் அதுவே நல்ல தொடக்கம். காயத்துக்குப் பயந்தால் முறையான பயிற்சியும் கவசமும்தான் மருந்து. வெறும் கையோடு வீதியில் விளையாடுவது அதைவிட ஆபத்து. படிப்பைப் பொறுத்தவரை நியூயோர்க்கின் நிபந்தனையையே நாமும் வைக்கலாம்: 'வரவும் புள்ளியும் இருந்தால்தான் அணியில் இடம்.' தேசிய மட்டத்தில் திறமை காட்டுவோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருப்பதையும் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் இடம்பெறுகிறது. அதற்கு நம் பிள்ளைகள் போவார்களா என்பது பெரிய கேள்வி. அதற்கு முன் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பெற்றோர் மூன்று சிறிய கேள்விகளைக் கேட்கட்டும். நமது பாடசாலையின் கடினப்பந்து அணி பதிவு செய்யப்பட்டுள்ளதா? கிரிக்கெட்டுக்குப் பொறுப்பாசிரியர் யார்? ஆறாம் வகுப்புப் பிள்ளை எந்த நாளில், எந்த இடத்தில் பயிற்சி எடுக்கிறான்? மூன்றுக்கும் பதில் கிடைக்காத பாடசாலையில் கிரிக்கெட்டுக்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்றே அர்த்தம்.