சேமித்து வைக்காத சிற்பம்

சிதம்பரம் கீழ வீதியில் நின்று கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? ஏழு நிலைகள். கீழ்நிலையில் கண்ட அமைப்பே மேலே செல்லச் செல்லச் சிறிதாகித் திரும்ப வருகிறது. ஒரு நிலையை உற்று நோக்கினால், அதற்குள்ளும் சின்னஞ்சிறு விமான வடிவங்கள்! சிற்பி ஓரளவில் நிறுத்திக்கொண்டார். உளிக்கும் கரண்டிக்கும் எல்லை உண்டல்லவா? நிறுத்தாமல் தொடர்ந்தால், பகுதியும் முழுமையைப் போலவே இருக்கும் ஒரு வடிவம் கிடைக்கும். இத்தகைய வடிவங்களுக்குக் கணித அறிஞர் மாண்டல்பிராட் 1975-இல் 'பிராக்டல்' என்று பெயரிட்டார்.

லால்பேட்டையிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஒரு நாள், பிளஸ் டூ மாணவன் ஒருவன் தன் கைபேசியை என்னிடம் நீட்டினான். திரையில் ஒரு கனசதுரம். அதில் துளைகள், துளைகளைச் சுற்றிச் சிறு துளைகள், அவற்றைச் சுற்றி இன்னும் சிறியவை. விரலால் தள்ளினால் சுழல்கிறது. உள்ளே நுழையவும் முடிகிறது. "சார், இதைச் சேமிக்க எத்தனை ஜி.பி. வேண்டும்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அந்த வடிவத்தை 1926-இல் விவரித்தவர் ஆஸ்திரியரான கார்ல் மெங்கர். ஒரு கனசதுரத்தை 27 சிறு கனசதுரங்களாகப் பிரித்து, நட்டநடுவில் உள்ள ஒன்றையும் ஆறு முகங்களின் நடுவில் உள்ளவற்றையும் நீக்கிவிடுங்கள். எஞ்சுவது 20. அவை ஒவ்வொன்றிலும் இதையே செய்யுங்கள். ஐந்தாம் சுற்றில் 32 இலட்சம் கனசதுரங்கள்! பத்தாம் சுற்றில் 10,24,000 கோடி. இதை எந்தக் கைபேசியில் சேமிப்பது?

"தம்பி, அது சேமிக்கப்படவே இல்லை" என்றேன். அவன் நம்பவில்லை.

அவன் கைபேசியில் இருந்தது ஒரு பக்க அளவே உள்ள செய்நிரல். படத்தை வைத்துக்கொள்ளாமல் விதியை மட்டும் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் நம் வாசற்கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

விதியிலிருந்து படம் எவ்வாறு பிறக்கிறது? மின்சாரம் போன இரவு ஒன்றில், இருட்டறையில் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். உடன் ஒரு நண்பன். சுவர் எந்தத் திசையில் என்று அவன் சொல்லமாட்டான். "மிக அருகிலுள்ள பொருள் பத்தடியில்" என்று தூரத்தை மட்டும் சொல்வான். அப்படியானால் எந்தத் திசையிலும் பத்தடி வரை அச்சமின்றி நடக்கலாம். நடந்தபின் மறுபடி கேளுங்கள். "மூன்றடி." மறுபடி. "அரை அடி." தூரம் மயிரிழையாகும்போது பொருளைத் தொட்டுவிட்டீர்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிர் இப்படித்தான் புறப்பட்டுத் தட்டித் தடவிச் செல்கிறது. ஹார்ட், சாண்டின், காஃப்மன் ஆகிய மூவர் இம்முறையால் முப்பரிமாணப் பிராக்டல்களை வரைந்து 1989-இல் வெளியிட்டனர். நண்பன் தூரத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டால் மட்டும் ஆபத்து: கதிர் சுவரைத் துளைத்துப் போய்விடும், படத்தில் ஓட்டை விழும்!

பத்து இலட்சம் கோடித் துண்டுகளில் அருகிலுள்ளது எதுவென்று நண்பனுக்கு எப்படித் தெரியும்? காகிதத்தைப் பலமுறை மடித்து ஒரே இடத்தில் கத்தரித்தால், விரிக்கும்போது எங்கும் பூ வேலையாக இருக்குமே, அதே தந்திரம். இங்கே மடிக்கப்படுவது வெளி. புள்ளியின் ஆயங்களில் எதிர்க்குறியை நீக்கினால் எட்டு மூலைகளும் ஒரே மூலையாகிவிடும். பெரியது சிறியது என அவற்றை வரிசைப்படுத்தி, மூன்று மடங்காக்கி, சற்று நகர்த்த வேண்டும். இதைப் பத்து முறை செய்தபின், ஒரே ஒரு கனசதுரத்துக்கு உள்ள தூரத்தைக் கண்டு 59,049-ஆல் வகுத்தால் போதும். அது மூன்றின் பத்தாம் அடுக்கு.

நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு பழைய கணிப்பொறியில் பேசிக் மொழியில் எழுதி, தட்டையான பிராக்டல் ஒன்றை வரையவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. முக்கால் படத்தில் மின்சாரம் போயிற்று!

இன்றைய கைபேசித் திரையில் 1080 பெருக்கல் 2400, அதாவது 25,92,000 புள்ளிகள். படம் தடையின்றி அசைய, நொடிக்கு 60 முறை அத்தனையையும் கணக்கிட வேண்டும். எனினும் ஒரு கதிருக்கு மற்றொன்றின் விடை தேவையில்லை. எனவே வரைகலைச் சில்லில் உள்ள நூற்றுக்கணக்கான சிறு கணக்கர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள பொதுச் செய்நிரலுக்கு 'ஷேடர்' என்று பெயர். வீராணம் பாசன வயல்களில் வரிசையாக நின்று நாற்று நடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பின்தங்கினால் வரிசையே காத்திருக்கும். இங்கும் அப்படியே. சுவரை உரசினாற்போல் செல்லும் கதிருக்குச் சிறு சிறு அடிகளே வாய்க்கின்றன. அது முடியும்வரை அதன் கூட்டத்தார் காத்திருப்பார்கள். கைபேசி சூடாவதும் இத்தகைய உழைப்பால்தான்.

பேருந்து சிதம்பரத்தை நெருங்கியபோது, மாணவன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விளிம்புகள் கட்டம் கட்டமாக உடைந்தன. "சார், பிராக்டல் முடிந்துவிட்டதா?" விதி முடியவில்லை. ஷேடர் பொதுவாகக் கையாளும் எண்களில் ஏறக்குறைய ஏழு இலக்கங்களே துல்லியமானவை. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் வேறுபாடு எட்டாம் இலக்கத்துக்குப் போனதும், சில்லுக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அவன் கண்டது சில்லுடைய எண்களின் சொரசொரப்பு.